'ஓவர்ஹால் பண்ணணும்' என்றதும் தலையாட்டலாமா? பழைய காரின் கம்ப்ரஷனை அளப்பது எப்படி?

ஈப்போவில் இருந்து வடக்கே நெடுஞ்சாலையில் போனால், ஜெலாபாங் தாண்டியதும் ஓர் ஏற்றம் தொடங்கும். மெனோரா சுரங்கப்பாதை வரை அந்த ஏற்றம் விடாது. புதிய கார்களில் போகிறவர்கள் அதைக் கவனிக்கவே மாட்டார்கள். ஆனால் அப்பா காலத்து புரோட்டோன் சாகாவையோ, அக்கா ஓட்டிய கஞ்சிலையோ ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஏற்றம் ஒரு பரீட்சை. கியரைக் குறைத்தாலும் கார் இழுக்காது. பின்னால் வரும் லாரி விளக்கை அடித்து அவசரப்படுத்தும்.

காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால், போர்மேன் இரண்டு நிமிடம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "கம்ப்ரஷன் போயிடுச்சு, ஓவர்ஹால் பண்ணணும்" என்று சொல்லக்கூடும். செலவு ஆயிரக்கணக்கான வெள்ளி என்று தெரிந்ததும் வீடே அமைதியாகிவிடும்.

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் 'கம்ப்ரஷன் குறைவு' என்பது காய்ச்சல் மாதிரி. அது நோய் அல்ல, நோயின் அடையாளம். காரணம் சில நிமிடங்களில் சரிசெய்யக்கூடிய ஒரு திருகாக இருக்கலாம், எஞ்சினையே பிரிக்க வேண்டிய தேய்மானமாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய கருவி, ஒரு கரண்டி எண்ணெய், ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருந்தால் பெரும்பாலும் போதும்.

பேராக்கில் இது ஏன் முக்கியம்?

சுங்கை சிப்புட், கோலகங்சார், தாப்பா, பீடோர் பக்கம் இருந்த பால்மரத் தோட்டங்களில் பல செம்பனையாக மாறிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் பலர் இன்னும் அக்கம்பக்கத்திலேயே வாழ்கிறார்கள். பஸ் வராத இடங்களும் உண்டு. பாட்டியை ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக, தம்பியைப் பள்ளியில் விட, இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்ப, வாசலில் நிற்கும் அந்தப் பழைய கார்தான் வழி.

புரோட்டோன் சாகா 1985 ஜூலை 9-ஆம் தேதி அறிமுகமானது. முதல் சாகாவின் 1.3 லிட்டர் எஞ்சின், மிட்சுபிஷியின் நான்கு சிலிண்டர் 4ஜி13. 1992-இல் சாகா இஸ்வாராவும் 1993-இல் வீராவும் வந்தன. 1994-இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. அதன் 660, 850 சிசி எஞ்சின்களுக்கு மூன்று சிலிண்டர்தான். இந்தக் கார்களின் வயதை எண்ணிப் பாருங்கள். இன்றும் ஓடுகிற பல எஞ்சின்கள் அதை ஓட்டுகிறவரைவிட மூத்தவை.

நான்கு சிலிண்டர் காரில் ஒன்று படுத்துவிட்டால் கால்வாசி பலம் போகும். கஞ்சிலில் ஒன்று படுத்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால்தான் கஞ்சில் 'மிஸ்' அடிக்கும்போது கார் முழுவதும் ஆடுவது போல இருக்கும்.

கம்ப்ரஷன் என்றால் என்ன?

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முனையை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினால், காற்று நெருங்கி விரலைத் தள்ளும். எஞ்சின் சிலிண்டருக்குள் நடப்பதும் அதுதான். பிஸ்டன் மேலே வரும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை ஒரு சின்ன இடத்துக்குள் நெருக்கப்படுகிறது. அந்த நேரத்தில் பிளக் பொறி விட, கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது.

4ஜி13 எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 71 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 82 மில்லிமீட்டர். அதாவது ஒரு சிலிண்டர் இழுக்கும் காற்று ஏறக்குறைய 325 சிசி. அழுத்த விகிதம் 9 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அவ்வளவு காற்றும் 40 சிசி அளவுள்ள இடத்துக்குள் அடங்க வேண்டும். எங்காவது சின்ன ஓட்டை இருந்தால் காற்று அந்த வழியாக ஓடிவிடும். பிறகு எரிந்தாலும் தள்ளுவதற்குப் பலம் இருக்காது.

காற்று ஓடிப்போகும் முக்கிய வழிகள் மூன்று.

ஒன்று, பிஸ்டன் ரிங்குகள். இவை பிஸ்டனைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையங்கள். இவையோ சிலிண்டர் சுவரோ தேய்ந்தால் காற்று கீழே எண்ணெய்த் தொட்டிப் பக்கம் இறங்கிவிடும்.

இரண்டு, வால்வுகள். காற்றை உள்ளே விடும் வால்வும் புகையை வெளியே விடும் வால்வும் கம்ப்ரஷன் நேரத்தில் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். வால்வின் விளிம்பு கருகினாலும், முழுதாக மூடாமல் நின்றாலும் கசிவுதான்.

மூன்று, ஹெட் கேஸ்கெட். எஞ்சின் பிளாக்குக்கும் மேலே இருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள தகடு இது. கார் சூடேறி 'ஓவர்ஹீட்' ஆன பிறகு பல பழைய கார்களில் இதுதான் முதலில் போகும்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கார் இழுக்கவில்லை என்றால் உடனே கம்ப்ரஷன் மேல் பழிபோடக் கூடாது. பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், பழைய சாகா என்றால் கார்புரேட்டர் என எல்லாவற்றையும் முதலில் பாருங்கள். கிளட்ச் வழுக்கினாலும் ஏற்றத்தில் கார் இழுக்காது. எஞ்சின் மட்டும் வேகமாகச் சுற்றும். இவை எல்லாம் சரியாக இருந்தும் எஞ்சின் மிஸ் அடித்தால், கம்ப்ரஷன் டெஸ்ட் செய்ய வேண்டிய நேரம் அது.

டெஸ்ட் செய்வது எப்படி?

தேவையான கருவியின் பெயர் கம்ப்ரஷன் கேஜ். பிளக் இருந்த ஓட்டையில் இதைத் திருகிப் பொருத்த வேண்டும். உள்ளே ஏறும் அழுத்தத்தை முள் காட்டும், பெரும்பாலும் பிஎஸ்ஐ கணக்கில். சில கேஜ்களில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கும் இருக்கும். 150 பிஎஸ்ஐ என்றால் அந்தக் கணக்கில் ஏறக்குறைய 10.5.

செய்முறை இதுதான்:

1. எஞ்சினைச் சற்று ஓடவிட்டு வெதுவெதுப்பாக்கி நிறுத்துங்கள். கொதிக்கும் சூட்டில் பிளக்கைக் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை கெட்டுப்போகலாம்.

2. கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். பொறி வராமலும் பெட்ரோல் வராமலும் நிறுத்திவிடுங்கள். பழைய கார்களில் இக்னிஷன் காயிலின் இணைப்பைக் கழற்ற வேண்டும். இன்ஜெக்ஷன் கார்களில் பெட்ரோல் பம்பின் ஃபியூஸையும் எடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

3. எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். எது எந்த சிலிண்டருடையது என்று வரிசையாக வையுங்கள்.

4. ஒருவர் பெட்ரோல் பெடலை முழுதாக மிதித்தபடி சாவியைத் திருக வேண்டும். எஞ்சின் ஏழெட்டு முறை 'சுக்… சுக்…' என்று சுற்றட்டும். இன்னொருவர் கேஜைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

5. இதே மாதிரி ஒவ்வொரு சிலிண்டருக்கும் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் சுற்றவிடுங்கள். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும்.

பெடலை மிதிக்க மறந்தால் காற்று சரியாக உள்ளே போகாது. பேட்டரி பலவீனமாக இருந்தால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும். இரண்டிலும் எண் குறைவாக வந்து, நல்ல எஞ்சினையே கெட்டது என்று காட்டிவிடும். அதனால் எல்லா சிலிண்டரிலும் எண் குறைவாக வந்தால், எஞ்சினைச் சந்தேகப்படும் முன் டெஸ்ட் செய்த முறையைச் சந்தேகப்படுங்கள்.

எந்த எண் நல்லது?

பல பெட்ரோல் எஞ்சின்களில் நல்ல நிலையில் 130 முதல் 180 பிஎஸ்ஐ வரை வரும். 100-க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டியதுதான். சரியான எண்ணை உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் பார்க்க வேண்டும்.

எண்ணின் உயரத்தைப் போலவே சமநிலையும் முக்கியம். எல்லா சிலிண்டரும் 140 காட்டும் எஞ்சின், மூன்று 175 காட்டி ஒன்று 110 காட்டும் எஞ்சினைவிட நன்றாக ஓடும். சிலிண்டர்களுக்கு இடையே 10 முதல் 15 விழுக்காடு வித்தியாசத்தைப் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும்.

ஒரு கரண்டி எண்ணெய் சொல்லும் உண்மை

மறுபடியும் சைக்கிள் பம்புக்கு வருவோம். பழைய பம்புகளுக்குள் ஒரு தோல் வாஷர் இருக்கும். அது காய்ந்துபோனால் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. பெரியவர்கள் என்ன செய்வார்கள்? உள்ளே இரண்டு சொட்டு எண்ணெய் விடுவார்கள். வாஷர் ஓரத்தில் இருந்த இடைவெளியை எண்ணெய் அடைத்துவிடும். பம்பு மறுபடி வேலை செய்யும்.

எஞ்சினிலும் இதே தந்திரம்தான். எண் குறைந்த சிலிண்டரின் பிளக் ஓட்டை வழியாக ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய 5 மில்லிலிட்டர் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். கடையில் நாம் 'மின்யாக் ஹித்தாம்' என்று கேட்டு வாங்கும் அதே எண்ணெய்தான். இதற்கு 'வெட் டெஸ்ட்' என்று பெயர்.

எண் நன்றாக ஏறினால், எண்ணெய் ரிங்கின் இடைவெளியை அடைத்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் தேய்ந்தது ரிங்கோ சிலிண்டர் சுவரோதான். எண் அசையவே இல்லை என்றால் காற்று வேறு வழியில் போகிறது. வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

நான்கு உதாரணங்கள்

கீழே உள்ள எண்கள் புரிந்துகொள்வதற்காக எழுதப்பட்டவை. எல்லாம் பிஎஸ்ஐ கணக்கு, 1 முதல் 4 வரையிலான சிலிண்டர் வரிசையில்.

160, 155, 90, 158. எண்ணெய் விட்ட பிறகு மூன்றாவது 95. இது வால்வு பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஹெட்டைக் கழற்றும் முன் டேப்பெட் இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். பல பழைய எஞ்சின்களில் இந்த இடைவெளியைத் திருகால் சரிசெய்யலாம். இடைவெளி இல்லாமல் இறுகிப்போனால் வால்வு முழுதாக மூடாது. திருகைச் சரிசெய்ததும் கம்ப்ரஷன் திரும்பினால் பெரிய செலவு தப்பியது. ஆனால் இறுகிய வால்வோடு நீண்ட நாள் ஓட்டியிருந்தால் அது கருகியிருக்கலாம். அப்போது ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

150, 85, 80, 152. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து விழுந்திருக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் எரிந்து வழி விட்டிருக்கலாம். ரேடியேட்டர் தண்ணீர் குறைவது, அதில் குமிழி வருவது, எண்ணெய் பால் தேநீர் நிறத்துக்கு மாறுவது எல்லாம் கூடுதல் சாட்சிகள். ஆனால் இரண்டு சிலிண்டருக்கு நடுவில் மட்டும் கேஸ்கெட் எரிந்திருந்தால் தண்ணீர் குறையாமலும் இருக்கலாம். ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்காமல் புது கேஸ்கெட் மட்டும் போட்டால் அது மறுபடி போய்விடும்.

105, 100, 92, 98. எண்ணெய் விட்ட பிறகு எல்லாம் 140-ஐ நெருங்குகின்றன. ரிங்குகளும் சிலிண்டர் சுவரும் தேய்ந்துவிட்டன. ஓடும்போது நீலப் புகை வரும், எண்ணெய் குறைந்துகொண்டே இருக்கும். இங்கே போர்மேன் சொன்ன 'ஓவர்ஹால்' சரியான வார்த்தைதான்.

95, 95, 98, 96. எண்ணெய் விட்டும் மாற்றம் இல்லை. நான்கும் ஒரே அளவில் கெட்டுப்போவது அபூர்வம். டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருந்தால் வால்வுகள் தவறான நேரத்தில் திறந்து மூடும், எல்லா சிலிண்டரிலும் எண் விழும். பெல்ட்டின் குறிகள் நேராக இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

காற்று எங்கே போகிறது என்று காதாலேயே கேட்கலாம்

சந்தேகம் தீரவில்லை என்றால் 'லீக் டவுன்' என்ற இன்னொரு டெஸ்ட் இருக்கிறது. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாக கம்ப்ரஸரில் இருந்து காற்றைச் செலுத்துவார்கள். பிறகு 'உஸ்' என்ற சத்தம் எங்கே வருகிறது என்று கேட்க வேண்டும்.

எண்ணெய் ஊற்றும் மூடி வழியாக வந்தால் ரிங். கார்புரேட்டர் அல்லது ஏர் ஃபில்டர் பக்கம் வந்தால் உள்ளே விடும் வால்வு. புகைக்குழாயில் வந்தால் வெளியே விடும் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட், அல்லது ஹெட்டில் விரிசல். இதை வீட்டில் முயல வேண்டாம். காற்றின் வேகத்தில் எஞ்சின் திடீரென்று சுற்றக்கூடும், கை மாட்டிக்கொள்ளும். ரேடியேட்டர் மூடியையும் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும்.

ஏமாற்றும் அறிகுறிகள்

நீலப் புகை வந்தாலே ரிங் போய்விட்டது என்று முடிவுகட்டக் கூடாது. இரவு முழுவதும் நின்ற காரை காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு முறை நீலப் புகை வந்து நின்றுவிட்டால், வால்வு சீல் கசிவதாக இருக்கலாம். அப்போது கம்ப்ரஷன் நன்றாகவே இருக்கும். சீல் மாற்றுவது எஞ்சினைப் பிரிப்பதைவிடச் சின்ன வேலை.

பல மாதம் வீட்டு முன்னால் ஓடாமல் நின்ற காரிலும் எண் குறைவாக வரலாம். ரிங்குகள் ஒட்டிப்போயிருக்கும், வால்வு உட்காரும் இடத்தில் லேசாகத் துரு ஏறியிருக்கும். எண்ணெய் மாற்றி, எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால் சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் அதிகமாக இறங்கி சிலிண்டரில் இருந்த எண்ணெய்ப் பூச்சைக் கழுவிவிட்டாலும் எண் தற்காலிகமாக விழும்.

சரிசெய்வதா, விட்டுவிடுவதா?

ஒர்க்‌ஷாப்பில் 'டாப் ஓவர்ஹால்' என்றால் ஹெட்டை மட்டும் கழற்றி வால்வு, சீல், கேஸ்கெட் வேலைகளைச் செய்வது. 'ஃபுல் ஓவர்ஹால்' என்றால் பிஸ்டன், ரிங், பேரிங் வரை எல்லாவற்றையும் பிரிப்பது. இரண்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு. டெஸ்ட் வால்வைக் காட்டினால் ஃபுல் ஓவர்ஹாலுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும் என்று தாராளமாகக் கேட்கலாம். அதே நேரம், ரிங் தேய்ந்த எஞ்சினுக்கு டாப் ஓவர்ஹால் மட்டும் செய்தால் போட்ட காசு வீண்.

பழைய எஞ்சினுக்குப் பதிலாக ஜப்பானில் இருந்து வரும் 'ஹாஃப் கட்' எஞ்சினைப் போடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். அதுவும் பயன்படுத்திய எஞ்சின்தான். காசு கொடுக்கும் முன் அதற்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள். எஞ்சின் எண் மாறுவதால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் பதிவை மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

காரின் அடித்தகடு துருப்பிடித்து, பிரேக்கும் சஸ்பென்ஷனும் போய்விட்டிருந்தால், எஞ்சினைச் சரிசெய்வது புத்திசாலித்தனம் இல்லை. ஆனால் உடல் நன்றாக இருந்து ஒரே ஒரு வால்வுதான் பிரச்சினை என்றால், அந்தக் கார் பாட்டியை இன்னும் சில வருஷம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்.

போர்மேனிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

பெரும்பாலான போர்மேன்கள் அனுபவசாலிகள். சத்தத்தை வைத்தே சரியாகச் சொல்பவர்களும் உண்டு. அவர்களைச் சந்தேகிப்பதற்காக அல்ல, பணம் உங்களுடையது என்பதற்காக இவற்றைக் கேளுங்கள்.

"ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு வந்துச்சு, எழுதிக் கொடுப்பீங்களாண்ணே?"

"எண்ணெய் விட்டு மறுபடி அளந்தீங்களா? எவ்வளவு ஏறுச்சு?"

"டேப்பெட்டும் டைமிங்கும் பார்த்தாச்சா?"

மூன்றுக்கும் பதில் கிடைத்தால், ஓவர்ஹால் என்ற முடிவை நம்பி மேற்கொண்டு பேசலாம். பதில் இல்லை என்றால் எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பிரித்துப் போட்ட எஞ்சினில் கம்ப்ரஷனை அளக்க முடியாது. எழுதி வாங்கிய அந்த எண்களை காரின் கிரானோடு சேர்த்து வையுங்கள். அடுத்த வருஷம் மறுபடி அளக்கும்போது எஞ்சின் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.